சொல்லிக்கொண்டு போங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் மூத்த மகளும் மூன்று வயதுப் பேரனும் மெல்போர்னுக்கு விமானம் ஏறினார்கள். மருமகன் ஆறு மாதம் முன்பே போய்விட்டார். பேத்தி நாலாம் வகுப்பு. ஆண்டுத் தேர்வு முடிகிற வரைக்கும் பாளையங்கோட்டையில் என்னோடு இருப்பாள். இந்த நேரம் பார்த்து என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். அவளும் கைக்குழந்தையோடு கணவர் இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறாள். மூத்தவனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறாள். "டீச்சர், அவன்கிட்ட சொல்லிட்டுப் போறதா, தூங்கும்போது போயிரவா?" என்பது கேள்வி.

அவளுக்கு மட்டும் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலில் என் கதையும் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1992, ஆனி மாதம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். நான் பள்ளியில் இரண்டு வருஷம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கம்பெனி தந்த டிக்கெட் எனக்கும் ஒரு பிள்ளைக்கும்தான். இன்னொரு டிக்கெட்டைக் கடன் வாங்கியாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மகள் இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்றோம். அம்பாசமுத்திரத்தில் அம்மா தனியாக இருக்கிறாள், அவளுக்கும் துணையாச்சு என்றோம். ரெண்டே வருஷம்தானே என்றோம். இப்படிக் காரணம் அடுக்கிய பெரியவர்கள் ஒருவரும் அந்த ஏழு வயசுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சூட்கேஸைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா போற?" என்றாள். "அப்பாவைப் பார்த்துட்டு ரெண்டு நாள்ல வந்துருவேன்" என்றேன். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்தவள் நான்.

திருவனந்தபுரத்திலிருந்துதான் விமானம். விடியுமுன் மூன்று மணிக்கு வாடகை அம்பாசிடர் வந்து நின்றது. வெளியே சாரல். சின்னவன் என் தோளில் தூங்கினான். பெரியவள் பட்டாசாலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுப்பலாம் என்று குனிந்தேன். "தூங்குத பிள்ளையை எழுப்பாத. அழுது காய்ச்சல் வந்துரும். காலைல நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவள் அழுதால் என்னால் கிளம்ப முடியாது என்ற பயம்தான். நம் ஊரில் கடைக்குப் போனால்கூட 'போறேன்' என்று சொல்லமாட்டோம், 'போயிட்டு வாரேன்' என்போம். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொல்லவில்லை.

விமான நிலையம் அப்போது சங்குமுகம் கடற்கரைப் பக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைக்குத் தனி பாஸ்போர்ட் கட்டாயமில்லை. அம்மா பாஸ்போர்ட்டிலேயே பெயரைச் சேர்த்துவிடுவார்கள். என் பாஸ்போர்ட்டில் சின்னவன் பெயர் மட்டும் இருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் பார்த்து, "ஒரே பிள்ளையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தலையை ஆட்டிவிட்டேன். அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

எனக்கு முதல் விமானப் பயணம். பின் வரிசைகளில் சிகரெட் புகை, அன்றைக்கு அதற்கு அனுமதி இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் வந்த பன்னில் பாதியைச் சின்னவன் தின்றுவிட்டு, மீதியைத் தாளில் சுற்றி, "அக்காவுக்கு" என்று என் கைப்பையில் வைத்தான். அக்கா கூட வரவில்லை என்பது அவனுக்கு இன்னும் புரியவில்லை.

விமானம் இறங்க ஆரம்பித்ததும் காதைப் பிடித்துக்கொண்டு வீரிட்டான். அறிவியல் டீச்சர் நான், கை கால் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் கொல்லத்துக்கார நர்ஸ் ஒருவர். "வெள்ளம் கொடுங்க சேச்சி, கொஞ்சம் கொஞ்சமா முழுங்கட்டும்" என்றார். நாலு வாய் குடித்ததும் அழுகை நின்றது. அப்புறம் அவர் மெதுவாக, "எனக்கும் ஒண்ணு வீட்ல இருக்கு, எட்டு மாசம்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஒரு புல் பூண்டு இல்லாத பழுப்பு மலைகள். நாங்கள் இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

ரூவியில் வீடு. ஒரு வாரம் கழித்துக் கைப்பையில் அந்தப் பன் கல் மாதிரி கிடந்தது.

அம்மாவின் முதல் கடிதம் வர இரண்டு வாரம் ஆனது. "பிள்ளை அழவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கடைசி பஸ் வரைக்கும் பார்க்கிறாள். நான்கு நாளாக அப்படித்தான். இப்போது உட்காருவதில்லை. நன்றாக இருக்கிறாள்" என்று எழுதியிருந்தாள். நானும் 'அழவில்லையாம்' என்று நிம்மதியாகத் தூங்கினேன். எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள்! அழாத பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் பிள்ளை விஷயத்தில் தெரியாமல் போயிற்று.

அப்போதெல்லாம் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கும் ஒன்று வந்தது. "பேசுட்டி, அம்மா கேப்பால்லா" என்று அம்மாவின் குரல். பிறகு ஒரு காக்கை. சைக்கிள் மணி. மறுபடி "பேசுட்டி". மகளின் குரல் அதில் இல்லவே இல்லை. அந்தக் கேசட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

1994-இல் திரும்பி வந்தேன். வாசலில் நின்றவள், "வாங்கம்மா" என்றாள். அதுவரை என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு மாறிய 'நீங்க' இன்றுவரை மாறவில்லை. பார்த்தவர்கள் "எவ்வளவு மரியாதையான பிள்ளை" என்றார்கள்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

அதே திருவனந்தபுரம். பன்னாட்டு முனையம் இப்போது ஓடுபாதைக்கு மறுபக்கம், சாக்கைப் பக்கம் போய்விட்டது. ராத்திரி விமானம், சிங்கப்பூரில் மாற வேண்டும். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த பேத்தி நெய்யாற்றின்கரைக்குப் பிறகு காரிலேயே தூங்கிவிட்டாள். பெட்டிகளை இறக்கினோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏட்டி, தூங்குத பிள்ளையை எழுப்பாத. அழுவா. நீ பாட்டுக்கு உள்ள போ, நான் பார்த்துக்கிடுதேன்."

என் அம்மா சொன்ன அதே வார்த்தை. வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

மகள் கோபப்படவில்லை. "இல்லம்மா, எழுப்பணும்" என்றாள். பிறகு, "அன்னைக்கு நான் முழிச்சுத்தாம்மா இருந்தேன். கார் கதவு சாத்துனது கேட்டுச்சு. எழுப்பிச் சொல்லுவீங்கன்னு நினைச்சுக் கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் பேத்தியை எழுப்பி, முகம் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா இப்போ போயிட்டு வாரேன். நாளைக்கு வரமாட்டேன், அடுத்த வாரமும் வரமாட்டேன். உனக்குப் பரீட்சை முடிஞ்சதும் அப்பா வந்து கூட்டிட்டு வருவாங்க. தினமும் காலைல ஏழு மணிக்குப் பேசுவேன். அப்போ எனக்குப் பகல் பன்னிரண்டரை மணி." பேத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மகளும் அழுதாள். பேரன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அவனும் அழுதான். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

களியக்காவிளை தாண்டுகிற வரைக்கும் என் மடியில் அழுதாள். மார்த்தாண்டம் வந்ததும், "ஆச்சி, பசிக்குது" என்றாள். புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இப்போது காலண்டரில் தினம் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் ஆறே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

என் மாணவிக்கு இப்போது பதில். முதலில் கூட வருகிற பிள்ளை விஷயம். விமானம் ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வெளி அழுத்தம் கூடி செவிப்பறையை உள்ளே தள்ளும். தொண்டையையும் காதையும் இணைக்கும் குழல் விழுங்கும்போது திறக்கும். அதனால் இறங்கத் தொடங்கும்போது பால் கொடு, தூங்கினாலும் எழுப்பிக் கொடு. சளி இருந்தால் முன்பே டாக்டரிடம் காட்டு. மருந்து, மாற்றுத்துணி, பால்பொருள் கைப்பையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் நகலும், கணவர் சம்மதித்து எழுதிய கடிதமும் வைத்துக்கொள். இப்போது பிள்ளைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும், அது உனக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது விட்டுப் போகிற பிள்ளை. அவனை எழுப்பு. எங்கே போகிறாய், எத்தனை நாள், எப்போது பேசுவாய் என்று சொல். 'ரெண்டு நாள்' என்று மட்டும் சொல்லாதே. பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியும். அழுவான், அழட்டும். உனக்கும் கிளம்புவது கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் கஷ்டம் நம்முடையது. அதை எனக்குப் பதிலாக என் ஏழு வயசு மகள் சுமந்தாள்.

இதை அவளும் படிப்பாள். விமான நிலையத்தில் சொல்ல வாய் வரவில்லை. ஏட்டி, அன்றைக்கு உன்னை எழுப்பியிருக்க வேண்டும். அம்மாவை மன்னித்துக்கொள்.

வெளியூர் வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருங்கள். இன்றைக்கு ஒரு தடவை வீட்டுக்குப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்