பிணைக் கையெழுத்து

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நாங்கள் ஐவர் கூடுவது நெடுநாள் வழக்கம். அச்சகம், அடுமனை, தையற்கடை, தச்சுப் பட்டறை, இரும்புக்கடை என ஆளுக்கொரு தொழில். வணிகம் பற்றிய நூல்களை ஒருவருக்கொருவர் கொடுத்துப் படிப்பதிலும், படித்ததைப் பேசுவதிலும் எங்களுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அது உடைந்த கதையைத்தான் இங்கே சொல்ல விழைகிறோம்.

துணிந்து கடன் வாங்கித் தொழிலைப் பெருக்குபவனே வெல்வான் என்று முழங்கும் நூலொன்று ஒருமுறை எங்கள் கைக்கு வந்தது. படித்த நால்வரும் புகழ்ந்தோம். "அண்ணாச்சி, இதை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்" என்று இரும்புக்கடை நண்பரிடம் வற்புறுத்திக் கொடுத்தோம். அவர் படித்தார், நம்பினார், பேருந்து நிலையத்தருகே இரண்டாவது கடையைத் திறந்தார். முதற்கடையில் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் புதுக்கடையின் முன்பணத்துக்குப் போயிற்று. சரக்கெடுக்க வட்டிக்குக் கடன் வாங்கினார். இரண்டே ஆண்டுகளில் இரு கடைகளும் மூடப்பட்டன. அதன்பின் அவர் மரத்தடிக்கு வரவில்லை.

நூலின்மேல் பழிபோட்டுத் தப்பிக்க முயன்றோம், மனம் இடந்தரவில்லை. அந்நூலைப் புகழ்ந்த நாங்கள் எவரும் அதன் சொற்படி ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லை. அவருடைய கடைக்கணக்கு என்ன சொல்கிறது என்று கேட்டதுமில்லை. பிறர் கடனுக்குப் பிணைக் கையெழுத்திட நூறுமுறை தயங்கும் நாங்கள், ஒரு நூலைப் பரிந்துரைப்பதும் பிணை நிற்பதே என்பதை உணராது போனோம்.

அன்றுமுதல் ஒரு நெறி வகுத்துக்கொண்டோம். நூலைப் பரிந்துரைப்பவர் முதலில் தம் தொழிலில் அதைச் செய்து பார்க்க வேண்டும். பிறகு கணக்கேட்டோடு வந்து பேச வேண்டும். ஆங்கில நூல்களைத் தையற்கடை நண்பரின் மகள், வணிகவியல் மாணவி, எங்களுக்குத் தமிழில் விளக்கினாள்.

கோல்ட்ராட் என்னும் இயற்பியலறிஞர் 1984இல் நாவல் வடிவில் வெளியிட்ட 'தி கோல்' அவற்றுள் ஒன்று. நடைப்பயணம் செல்லும் சிறுவர் வரிசையில், மிக மெதுவாக நடப்பவனே வரிசை முழுவதன் வேகத்தையும் முடிவு செய்கிறான். அவனை முன்னே நிறுத்தி, அவன் மூட்டையைப் பகிர்ந்து சுமந்தபின் வரிசை விரைகிறது. புது இயந்திரம் வாங்கவிருந்த அச்சக நண்பர் இதைக் கேட்டபின் தம் அச்சகத்தை உற்றுப் பார்த்தார். அச்சான தாள்கள் பைண்டிங் மேசையருகே குவிந்து கிடந்தன. இயந்திரத்தை விடுத்து, பைண்டிங்குக்கு மேலும் ஓர் ஆளை அமர்த்தினார்.

வேலை தெரிந்தவர்க்குத் தொழில் நடத்தவும் தெரியும் என்ற எண்ணமே சிறுதொழில்களைச் சாய்க்கிறது என்கிறார் மைக்கேல் கெர்பர், 1986இல் வந்த 'தி ஈ-மித்' நூலில். அடுமனை நண்பர் அன்று பேசவேயில்லை. மறுவாரம் மாவு, விறகு, கூலி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பண்டத்தின் அடக்கவிலையையும் எழுதி வந்தார். அதிகம் விற்ற பண்டத்தில்தான் அவருக்கு நட்டம்!

எங்களை ஆழத் தொட்டதோ மிகப் பழைய நூல். லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கு சபைத் துறவி 1494இல் வெனிசில் வெளியிட்ட கணித நூலில், அந்நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கியுள்ளார். கணக்கைத் தொடங்குமுன், தனக்கு உள்ளதையும் தான் பிறர்க்குத் தரவேண்டியதையும் வணிகன் ஒன்றுவிடாமல் பட்டியலிட வேண்டும் என்பது அவர் கூறும் முதற்படி. வள்ளுவரின் 'தெரிந்து செயல்வகை' அதிகாரமும் செலவு, வரவு, ஊதியம் மூன்றையும் எண்ணிப் பார்ப்பதில்தானே தொடங்குகிறது?

நால்வரும் அவரவர் பட்டியலை எழுதினோம். அவற்றை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குச் சென்றோம். எங்கள் கடன்களை முதலில் அவர்முன் வைத்தோம், மன்னிப்புக் கேட்டோம். நெடுநேரம் வாளாவிருந்தவர், பின்னர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். கடன்கள் பதினொன்று, அவற்றுள் அவர் மனைவிக்குத் தெரிந்தவை நான்கு. அந்த அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "எதற்கு வட்டி அதிகம்? அதை முதலில் அடைப்போம்" என்றார்.

இப்போது அண்ணாச்சி மீண்டும் மரத்தடிக்கு வருகிறார். எவரேனும் ஒரு நூலைப் புகழத் தொடங்கினால், அவர் கேட்பது ஒன்றே: "நீங்க செஞ்சு பாத்தீங்களா?"