யூனிட் கணக்கு: சில குறிப்புகள்

கரண்ட் போன நிமிடத்தில்தான் காற்று ஒழுகுவது காதில் விழுகிறது. மெஷின்கள் ஓடும்போது யாருக்குக் கேட்கும்?

நூல் சுற்றும் ஆட்டோகோனர் பக்கம் ஒன்று. தூண் ஓரம், ஹோஸ் ஜாயின்ட்டில் ஒன்று. கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறது. கம்பி துருவேறிவிட்டது. நேற்றுச் சுற்றியது இல்லை.

மூன்று மில்லிமீட்டர் ஓட்டை, ஏழு பார் அழுத்தம். அதற்கு ஈடுகொடுக்க மட்டும் கம்ப்ரசர் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். வருஷத்துக்கு 8,000 மணி நேரம் ஓடும் மில் என்றால் 25,000 யூனிட்டைத் தொடும். ஒரு ஓட்டைக்கு.

கம்ப்ரசருக்குக் கொடுக்கும் கரண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மறுமுனையில் வேலையாகக் கிடைக்கிறது. மீதி சூடாகப் போகிறது. தொழிற்சாலையில் இதைவிட விலை கூடிய சரக்கு அதிகம் இல்லை. ஆனாலும் காற்றுதானே என்கிறார்கள்.

ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது ஹோஸைத் திருப்பி, சட்டையில் ஒட்டிய பஞ்சை ஊதிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்வது ஆபத்து என்று சுவரில் போர்டு. போர்டு மேலும் பஞ்சு.

“எதுக்குங்க ஏழரை பார்?”

“முன்னாடி இருந்தவரு வச்சுட்டுப் போனதுங்க சார்.”

ஒரு பார் குறைத்தால் ஆறேழு சதவீதம் மிச்சம். அவ்வளவு அழுத்தம் கேட்கிற மெஷின் எது என்று விசாரித்தால் ஆளுக்கொரு மெஷினைக் காட்டுகிறார்கள்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம். ஒரு மெஷினில் ஆயிரத்துக்கு மேல் ஸ்பிண்டில். இழை அறுந்தால் பஞ்சை உறிஞ்சிக்கொள்ள ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்குக் கீழும் ஒரு சின்ன வாய். நல்ல மில்லில், நூறு ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் நாலைந்து இழைதான் அறும். உறிஞ்சுவதோ எல்லா வாயும், எந்நேரமும்.

அறாத இழைக்கும் காவல்.

மில்லின் மொத்தக் கரண்டில் பாதி, சில இடங்களில் அதற்கும் மேல், ரிங் ஃபிரேமுக்கே போகிறது. அங்கே செலவான யூனிட் கடைசியில் சூடாகி அதே ஹாலில்தான் நிற்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓட வேண்டும். அதற்குத் தனிக் கரண்ட். ஸ்பிண்டிலில் ஒரு யூனிட் மிச்சம் பிடித்தால் பிளான்ட்டிலும் கொஞ்சம் மிஞ்சும். பட்ஜெட்டில் இரண்டும் வேறு வேறு பக்கம்.

ஃபேன் கணக்கு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். 0.8-ஐ மும்முறை பெருக்கினால் 0.512. அவ்வளவுதான் சூத்திரம்.

அதே ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு காற்றை மட்டுப்படுத்தும் டேம்பரைப் பாதி மூடி வைத்திருக்கிறார்கள். டேம்பர் கைப்பிடி நகராமலிருக்க நூல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. நூலுக்கா பஞ்சம்.

சில இடங்களில் வேகத்தை மாற்றும் டிரைவ் மாட்டியிருக்கிறார்கள். மாட்டிவிட்டு 50 ஹெர்ட்ஸில், முழு வேகத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

1932-இல் பைகாரா மின்சாரம் வந்தது. அதற்குப் பிறகுதான் கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. முதல் மில் அதற்கு நாற்பத்து நான்கு வருஷம் முந்தியது, 1888. நீராவியில் ஓடியது.

ஜேம்ஸ் வாட் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவரும் கூட்டாளி போல்டனும் காசு வாங்கிய விதம் அவ்வளவாகத் தெரியாது. பழைய நியூகோமன் எஞ்சினோடு ஒப்பிட்டு மிச்சமான நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. சுரங்கக்காரர்கள் கொடுக்க முனகினார்கள், வழக்குக்கும் போனார்கள்.

மிச்சத்தில் பங்கு தருகிறோம் என்று இன்று ஒப்பந்தம் போடுகிறவர்களும் முனகத்தான் செய்கிறார்கள்.

இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் 1811-இலிருந்து மாதாமாதம் ஓர் அறிக்கை. ஜோயல் லீன் தொடங்கியது. எந்த எஞ்சின் எவ்வளவு நிலக்கரி தின்று எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று, எஞ்சின் வாரியாக. பக்கத்துச் சுரங்கத்துக்காரன் கணக்கும் அதே தாளில். அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே எஞ்சின்களின் திறன் பல மடங்கு ஏறியது.

இங்கே மில்களில் அந்த மாதிரிக் கணக்குக்குப் பெயர் யூகேஜி. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட். மில்லுக்கு மில் நூல் நம்பர் மாறும் என்பதால் 40-ஆம் நம்பருக்கு மாற்றி ஒப்பிடுவார்கள். கோவையில் சிட்ரா, 1956-இலிருந்து இருக்கிற ஆராய்ச்சிக் கழகம், இதற்கெல்லாம் அளவுகோல் வைத்திருக்கிறது. ஸ்பின்னிங் மாஸ்டரைக் கேட்டால் யூகேஜி நுனிநாக்கில் வரும். மெஷின் ஓட்டுகிறவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

பதினைந்து கிலோவாட் மோட்டார். முழு லோடில் 8,000 மணி நேரம். திறன் 90 சதவீதம் என்று வைத்தால் 1,33,000 யூனிட். யூனிட் ஏழரை ரூபாய் என்றால் 10 லட்சம். ஒரு வருஷத்துக்கு. மோட்டார் விலை அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அந்த ஒரு பங்குக்கு மூன்று கொட்டேஷன் வாங்குகிறார்கள்.

மோட்டார் எரிந்தால் காயில் கட்டக் கொடுப்பார்கள். பழைய காயிலை உருவ ஸ்டேட்டரை கேஸ் டார்ச்சில் சுடுவதும் உண்டு. அதிகம் சுட்டால் தகடுகளுக்கு இடையிலுள்ள பூச்சு கருகிவிடும். அதன்பிறகு மோட்டார் ஓடும், கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் தின்னும். பக்குவமாகக் கட்டுகிற கடைகளும் உண்டு. அங்கே திறன் பெரிதாகக் குறைவதில்லை. இரண்டு கடைக்கும் கூலி வித்தியாசம் சில ஆயிரம்.

பெயர்த் தகட்டில் பழைய எண் அப்படியே இருக்கும்.

“இருபது ஹெச்பி ஸ்டோர்ல இல்லீங்க. முப்பது இருந்துச்சு. மாட்டிட்டோம்.”

மாட்டி எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை.

ஃபவுண்டரி. ஒரு டன் இரும்பை உருக்கி 1,500 டிகிரிக்குக் கொண்டுவரக் கணக்குப்படி 400 யூனிட்டே போதும். இண்டக்ஷன் ஃபர்னஸில் நன்றாக நடத்துகிற இடத்தில் 550, 600. மீதி எங்கே?

மூடியைத் திறந்தே வைத்திருப்பது. உலோக சாம்பிள் லேபுக்குப் போய் ரிசல்ட் வரும்வரை குழம்பைச் சூட்டிலேயே வைத்திருப்பது. லேப் நூறடி தள்ளி இருப்பது.

வார்ப்பிலிருந்து வெட்டியெடுத்த ரன்னர், ரைசரை மறுபடி உருக்கப் போடும்போது ஒட்டியிருக்கிற மண்ணோடு போடுகிறார்கள். மண்ணும் உருகும், கசடாகும். கிலோவுக்குக் கிலோ இரும்பைவிட மண்ணுக்குச் சூடு அதிகம் வேண்டும். காசு கொடுத்து மண்ணை உருக்குகிற தொழில்.

திருப்பூர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது. சரியான உத்தரவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது சாயக் கழிவின் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்கிறார்கள். காய்ச்ச நீராவி வேண்டும். நீராவிக்கு விறகு.

மழைக்காலத்தில் விறகு ஈரம். எடை போட்டு வாங்குவதால் தண்ணீருக்கும் காசு. பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்க அதே விறகில் ஒரு பங்கு.

ஸ்டீம் டிராப் ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. சாக்கடையிலிருந்து புகை மாதிரி ஆவி. நீராவி குளிர்ந்த தண்ணீர், கண்டன்சேட், சுடச்சுடப் போகிறது. பக்கத்திலேயே பாய்லருக்குப் பச்சைத் தண்ணீர் ஏறுகிறது. பாய்லருக்குப் போகும் தண்ணீர் ஆறு டிகிரி கூடுதல் சூடாகப் போனால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிஞ்சும்.

பாய்லர் ஆபரேட்டர் சிம்னியைப் பார்த்தே காற்று போதுமா என்று சொல்லிவிடுகிறார். கருப்பு என்றால் காற்று குறைவு. காற்று அதிகமானால் புகையே தெரியாது, நிம்மதியாக இருப்பார். சூடு மேலே போய்க்கொண்டிருக்கும். சிம்னியில் ஆக்ஸிஜன் அளக்கிற கருவி ஆபீஸ் பீரோவில். சாவி ஜிஎம்மிடம்.

“நம்ம காத்தாடி ஓடுதுங்களே” என்றார் ஒரு மில் முதலாளி. உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்திருக்கிறார். சீசன் மாதங்களில் அவர் மில்லில் லீக் பேச்சே எடுக்க முடியாது.

ஈபி பில்லில் யூனிட் கட்டணம் தனி, டிமாண்ட் கட்டணம் தனி. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 2022 செப்டம்பரில் டிமாண்ட் கேவிஏவுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. பிறகும் ஏறியிருக்கிறது. யூனிட்டைக் குறைத்தும் பில் குறையவில்லை என்று கோபப்படுகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001. டிசம்பர் 14 சேமிப்பு நாள். பேனர், உறுதிமொழி, ஸ்வீட் பாக்ஸ். பெரிய ஆலைகளுக்கு 2012-இலிருந்து இலக்கு, கணக்கு, சான்றிதழ். சின்ன ஆலைகளுக்கு ஸ்வீட் பாக்ஸ் மட்டும்.

ஆடிட் ரிப்போர்ட் கனமானது. ஸ்பைரல் பைண்டிங். பல இடங்களில் புத்தம் புதிதாக இருக்கிறது.

ஆலை நடத்துகிற யாராவது இதைப் படித்தால் ஒரு வேலை. அடுத்த விடுமுறை நாளில், எல்லாம் நின்ற பிறகு, நீங்களே மெயின் மீட்டர் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை யூனிட் ஓடுகிறது என்று எழுதி, எது எதற்காக ஓடியது என்று ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.