பனிச்சப்பாத்தும் சித்தப்பாவும்

நயினாதீவில் பிறந்த நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் பூவரசம் இலையில் தங்கும் நீர்த்துளிதான். அதற்கு மேற்பட்ட பனியைக் கடிதங்களிலும் நிழற்படங்களிலுமே கண்டிருந்தோம். சென்ற மார்கழி விடுமுறையில், சித்தப்பாவின் மகள் திருமணத்துக்காகச் சுவிற்சர்லாந்துக்குப் போய்வந்தோம். மீண்டும் வகுப்பினுள் காலடி வைத்ததும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், பனிக்குள்ளை கால் புதையாதோ?"

புதையும். அதற்காகத்தான் அங்கே பனிச்சப்பாத்தை வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் தாயகத்தை விட்டகன்ற இளைஞர்களுள் சித்தப்பாவும் ஒருவர். கடல்மட்டத்தை விட்டு அதிகம் உயராத தீவில் பிறந்தவர், ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், பெர்ண் மாநிலத்துக் காண்டர்ஷ்டெக் என்னும் மலையூரில் வாழ்கிறார். விடுதியொன்றின் சமையற்கூடத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று உதவிச் சமையற்காரராக இருக்கிறார்.

திருமணம் முடிந்த மறுவாரம் அவரை வலிந்து அழைத்துக்கொண்டு வாடகைக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் கேட்டது நமது உடலின் எடையை. அகன்ற சட்டமொன்றைச் சப்பாத்தின் அடியிற் கட்டினால், உடற்பாரம் பரந்து விழுகிறது. கால் ஆழப் புதைவதில்லை. அடியிலுள்ள பற்கள் சரிவிலே வழுக்காமற் காக்கின்றன. வளைத்த மரச்சட்டமும் தோல்வாருமாக இதனை ஆக்கி, வேட்டைக்கும் வழிப்பயணத்துக்கும் வைத்திருந்தவர்கள் வட அமெரிக்கப் பழங்குடி மக்கள். அவர்களின் பிழைப்புக் கருவி இன்று ஓய்வுள்ளோரின் விளையாட்டுப் பொருளாகியிருக்கிறது. ஒரு நாள் வாடகை, நமது ஆசிரியச் சம்பளத்திற் சில நாள் ஊதியம். பணத்தைச் சித்தப்பாவே கொடுத்தார்.

வழிகாட்டி எவருமில்லை. இளஞ்சிவப்புக் குறிகளைப் பார்த்து நாமே நடக்கவேண்டும். ஆயினும் அது உண்மையில் தனிநடையா? புறப்படுமுன் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்தோம். டாவோசிலுள்ள ஆராய்ச்சி நிலையம் அபாயத்தை 1 முதல் 5 வரை படி வகுத்து, குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது. மலையூர்களிலுள்ள அவதானிகள் பனியை அளந்து அனுப்பும் செய்திகளும் அதற்கு ஆதாரம். சோளகம் பெயர்ந்த நாளிற் குறிகட்டுவான் துறையில் நின்று, "இண்டைக்குக் கடல் சரியில்லை" என்று நம் ஓட்டிமார் சொல்வதை அங்கே எழுத்தில் தருகிறார்கள். குறிவிட்டு விலகக்கூடாத இடங்களும் உண்டு. மலையாடுகள் உடலிற் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் செலவிட்டே குளிரைக் கடக்கின்றன. மனிதருக்கு அஞ்சி ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அவற்றின் உயிரைக் குறைக்கும். ஆகவே, குறி நாட்டியவர், பனி அளந்தவர், வரைபடம் வரைந்தவர் எனப் பலருடைய உழைப்பின் மேலேதான் இந்தத் தனிநடை நடக்கிறது.

பாதி வழியிற் சித்தப்பா நின்றார். மூச்சு வாங்கியது. பள்ளத்தாக்கில் அவருடைய விடுதியின் புகைபோக்கி தெரிந்தது.

"நாப்பது வருசமாய் இந்தப் பாதையாலை நடந்திட்டு வாற சனத்துக்குச் சூப்பு வைச்சனான், தம்பி. பாதையை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஏன் ஒருநாளும் வரவில்லை என்று கேட்டோம். "சனம் நடக்கிற நாளிலைதானே எங்களுக்கு வேலை. மிச்ச நாளிலை நித்திரை" என்றார்.

நமக்கு மறுமொழி வரவில்லை. மாமிமார் இருவரின் சீதனமும், நம் வீட்டுக் கூரையும், நமது பல்கலைக்கழகப் படிப்பும் அந்தச் சூப்பிலிருந்து வந்தவை. இலக்கியத்தில் உழைப்பின் பெருமையை நாம் கற்ற ஆண்டுகளில், அதற்கு விலை கொடுத்தவர் தம் வாசலிலுள்ள மலையைக் காணாதிருந்தார்.

இறங்கி வந்தபின் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1913 இல் திறக்கப்பட்ட லெட்ச்பெர்க் இரயிற் சுரங்கத்தைத் தோண்டியவர்களிற் பெரும்பாலார் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். 1908 ஆடி மாதத்தில், ஆற்றுப்படுகையின் கீழே சுரங்கம் உடைந்து சேறும் நீரும் பாய்ந்தபோது 25 தொழிலாளர் மாண்டனர். அவர்களுக்கு அங்கே நினைவுக்கல் நிற்கிறது. சித்தப்பா தொப்பியைக் கழற்றி நெடுநேரம் நின்றார். பயணிகளை மலைக்குக் கொண்டுவருவதும் அந்நியன் கை. அவர்களுக்கு உணவிடுவதும் அந்நியன் கை.

இவற்றையெல்லாம் வகுப்பிற் சொல்லி முடித்தபோது அதே மாணவன் எழுந்தான். "சேர், நானும் போகலாமோ?"

போகாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இத்தீவில் அவனுக்கென்று எத்தொழிலை வைத்திருக்கிறோம்? ஆகவே இப்படிச் சொன்னோம்: "போ. கூலியைக் கேட்டு வாங்குவதுபோல ஓய்வையும் கேட்டு வாங்கு. அது உனக்கு ஒருவர் இடும் பிச்சையல்ல. முதல் ஆண்டிலேயே அந்த மலையில் நடந்துவிடு. நாற்பதாம் ஆண்டுவரை காத்திருக்காதே."

வரும் ஆனியில் அம்மன் திருவிழாவுக்குச் சித்தப்பா வருகிறார். தீவைச் சுற்றி ஒருநாள் நடக்கவேண்டுமாம். வகுப்பு முழுவதும் உடன்வரச் சம்மதித்துவிட்டது. அன்று கஞ்சி காய்ச்சும் முறை நம்முடையது.