ஃபிளாப்பிக்குள் இருந்த பிரசவ மருந்து

கோலம், தையல், வற்றல் வடாம், மொட்டைமாடித் தோட்டம் என்று சகோதரிகள் தங்கள் பொழுதுபோக்கைப் பற்றி எழுதுவதையெல்லாம் நான் ஆசையாகப் படிக்கிறவள். என்னுடையதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பழுது பார்ப்பது. பார்த்தபின் ஒன்றோடொன்று கம்பி போட்டுப் பேச வைப்பது. எங்கள் வீட்டில் நெல் குதிர் இருந்த அறை இப்போது இவற்றுக்குத்தான். "ஊரே திருமுதுகுன்றம். கிழடுகளுக்கு இங்கே இடமில்லாமலா போகும்?" என்பார் என் வீட்டுக்காரர். கேலிதான், ஆனாலும் கனமான மானிட்டரைத் தூக்க அவர் கைதான் வேண்டியிருக்கிறது.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை சுருக்கமானது. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டேன். தொண்ணூறுகளில் கடைவீதியில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பீங்கான் கம்பெனிகளின் விலைப்பட்டியல் எல்லாம் அடித்திருக்கிறேன். சென்டரை மூடியபோது சம்பளப் பாக்கிக்குப் பதிலாக ஒரு 486 கம்ப்யூட்டர் என் தலையில் கட்டப்பட்டது. அதற்குத் துணையாக நெய்வேலிப் பக்கத்துக் காயலான் கடையிலிருந்து ஒன்று, சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒன்று என்று வந்து சேர்ந்தன.

பீங்கான் ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. பழைய சிப்புகள் சிலவற்றுக்கு உடம்பே பீங்கான்தான். போர்டில் பயறு பயறாக ஒட்டியிருக்கும் கெபாஸிட்டர்களில் பாதி பீங்கான். அதற்கும் முந்தைய காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ஞாபகசக்தியே சூளையில் வெந்ததுதான். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து, கடுகு போலப் பொடிப்பொடி வளையங்களாக்கிச் சுட்டு எடுப்பார்கள். ஃபெரைட் என்று பெயர். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மெல்லிய செம்புக் கம்பிகளைக் கோக்க வேண்டும். பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் ஓட ஆரம்பித்த டிஃப்ராக் கம்ப்யூட்டருக்கு இப்படிப்பட்ட ஞாபகம்தான் இருந்தது. அமெரிக்காவில் இந்தக் கோக்கும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சந்திரனுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கம்ப்யூட்டருக்குக்கூட அவர்கள்தான் கம்பி கோத்தார்கள். மாலை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுகிற நமக்கு அது ஒன்றும் புரியாத வித்தை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமியாருக்கு எண்பத்தாறு வயது. இளவயதில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் தீட்டியவர். அதைவிட, எங்கள் தெருவில் எந்தப் பெண் பிள்ளை பெற்றாலும் பிரசவ மருந்து கிளறிக் கொடுப்பவர் என்றுதான் அவருக்குப் பெயர். 1997-ல் ஒரு மழைக்காலத்தில், "நான் சொல்றேன், நீ அந்த டிவி பெட்டியில அடிச்சு வை" என்று அவராகவே சொல்லி, மருந்து, பத்தியச் சமையல், குழந்தைக்கு உரை மருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார், போட்டேன். அது இரண்டு ஃபிளாப்பிகளில் பதிந்து பரணுக்குப் போயிற்று. அத்தையின் தலைக்குள் எல்லாம் இருந்தபோது அவற்றைத் தேட யாருக்கும் அவசியம் வரவில்லை.

இப்போது அத்தைக்கு ஞாபகம் போய்விட்டது. சாப்பிட்டது மறந்துவிடுகிறது. சில நாள் பெற்ற மகனைப் பார்த்தே, "தம்பி யாரு?" என்கிறார். இந்தச் சமயத்தில்தான் எங்கள் பெரியவளுக்கு ஏழாம் மாசம் வந்தது. வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவள், "ஆயா செஞ்ச மருந்துதாம்மா எனக்கு வேணும், கடை மருந்து வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அத்தையிடம் கேட்டால் சிரிக்கிறார். சுக்கு, மிளகு, திப்பிலி எனக்கும் தெரியும், அளவு தெரியாது. கண்ட அளவில் காரமும் எண்ணெயும் சேர்த்துப் பிள்ளை பெற்ற வயிற்றுக்குக் கொடுக்க முடியுமா?

பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். மூன்றரை அங்குல ஃபிளாப்பிகள். உள்ளே இருக்கும் தகட்டின்மேல் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சை. பட்டணத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, பிரசவச் செலவுக்கு ஆகிற தொகையைச் சொன்னார்கள். வரும் என்று உத்தரவாதமும் இல்லையாம். நானே இறங்கிவிட்டேன்.

ஃபிளாப்பி என்பது வேறொன்றுமில்லை. மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தின் இரண்டு பக்கமும் இரும்பு ஆக்சைடு பூசியது. நம் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கிற இரும்புச் சத்தின் உறவுதான். மூன்றரை அங்குலத்தில் அதோடு கோபால்ட் வேறு சேரும். ஜாடிக்கு நீலம் கொடுக்க நம்மூரில் பயன்படுத்துகிற அதே கோபால்ட். இந்தப் பூச்சில் காந்தப் புள்ளிகளாக எழுத்து பதிகிறது. ஒரு பக்கத்துக்கு 80 வட்டம், வட்டத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 எழுத்து. இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560. இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட இதில் அடங்காது.

பூஞ்சை பிடித்ததை அப்படியே டிரைவில் போட்டால் படிக்கிற முனை அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். ஆகவே காய்கறிக் கத்தியின் முனையால் பிளாஸ்டிக் கூட்டை நெம்பிப் பிரித்தேன். தகட்டின் நடுவிலிருக்கும் உலோக வட்டத்தை மட்டும் பிடித்து வெளியே எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால், குழந்தையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி, வட்டமாகத் துடைத்தேன். வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில் உலர வைத்து, வேறொரு நல்ல ஃபிளாப்பியின் கூட்டுக்குள் மாற்றினேன்.

இப்போது கிடைக்கிற யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ்கள் ஓர் இடத்தில் தடுக்கினால் அதோடு கைவிட்டுவிடும். என் 486-க்குப் பொறுமை ஜாஸ்தி. திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லலாம். "டேட்டா எரர்" என்று அது சொல்ல, "ரீட்ரை" என்று நான் சொல்ல, ஒரு ராத்திரி முழுக்க இப்படியே போயிற்று. விடியற்காலையில் பழமலைநாதர் கோயில் மணி கேட்கும்போது முதல் ஃபிளாப்பி வந்துவிட்டது, நான்கைந்து துண்டுகள் தவிர.

வந்ததை லேப்டாப்புக்கு மாற்ற வேண்டுமே! 486-க்கு யூ.எஸ்.பி. கிடையாது. சீரியல் கம்பி வழியாக அனுப்பினால் நொடிக்கு 960 எழுத்துதான். ஒரு ஃபிளாப்பிக்கு இருபத்தைந்து நிமிஷம் பிடிக்கும். பரவாயில்லைதான், ஆனால் பாதியில் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்னிடம் பழைய நெட்வொர்க் கார்டு இருந்தது. கேபிள் டிவி ஒயர் மாதிரி உருண்டைக் கம்பி போடுகிற ரகம், தொண்ணூறுகளில் ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பியின் இரண்டு நுனியிலும் 50 ஓம் மூடி ஒன்று மாட்ட வேண்டும். இல்லாவிட்டால், கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் திரும்பி வருகிற மாதிரி, அனுப்பிய சமிக்ஞை நுனியில் மோதித் திரும்பி வந்து எல்லார் பேச்சையும் குழப்பிவிடும். மூடி ஒன்றுதான் கைவசம். இன்னொன்றை நானே செய்தேன்: நூறு ஓம் ரெஸிஸ்டர் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்துப் பற்றவைத்தால் ஐம்பது. அந்த ரெஸிஸ்டரின் உள்ளேயும் ஒரு பீங்கான் குச்சிதான், நம்ம ஊர்க்காரன்! ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ஹப்பில் உருண்டைக் கம்பிக்கு ஒரு துளையும் இன்றைய கம்பிக்கு எட்டுத் துளைகளும் இருந்தன. அதன் வழியாக லேப்டாப்பைச் சேர்த்தேன். பிரட்மன் என்கிற அமெரிக்கர் பழைய டாஸ் கம்ப்யூட்டர்களுக்காக எம்.டி.சி.பி. என்று ஒரு மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டதும் கால் நூற்றாண்டு இடைவெளியுள்ள இரண்டு மிஷின்களும் பேசிக்கொண்டன. அத்தனையும் சில நொடிகளில் வந்து விழுந்துவிட்டது.

திறந்து பார்த்தால் ஓர் எழுத்துகூடத் தமிழில்லை! தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களாக ஒரே குழப்பம்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று அந்தக் காலத்தில் தமிழில் ஒரே கணக்கு இல்லை, கம்பெனிக்கு ஒன்று. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் இதைப் பற்றிப் பேசி ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றார்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் அடித்ததையெல்லாம் படிக்க அந்தந்த எழுத்துரு வேண்டும். என் எழுத்துரு இருந்த ஃபிளாப்பிதான் பெட்டியிலேயே மோசமாக வீணாகியிருந்தது.

தினசரிக் காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் குறி என்னவாக இருக்கும்? பிள்ளையார் சுழி! ஆக, 'உ' கிடைத்துவிட்டது. அடுத்த வரியில் மூன்றே குறி கொண்ட சொல் ஒன்று: சுக்கு. 'சு', 'க்', 'கு' மூன்றும் வந்தன. அதன் கீழே அதே 'கு'-வில் முடியும் சொல் மிளகு. வரிக்கு வரி கடைசியில் வருவது 'பலம்'. அதில் 'ப', 'ல', 'ம்'. (ஒரு பலம் சுமார் 35 கிராம்.) 'ம்' தெரிந்ததும் ஓமம், சீரகம் எல்லாம் கதவைத் திறந்தன. இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. பழைய எழுத்துருக்களில் நாம் கையால் எழுதுகிற வரிசையிலேயே கொம்பு முன்னால் நிற்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் போக வேண்டும். மகன் போனில் சொல்லிக் கொடுக்க, பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி மாற்றினேன். நாலு நாள் வேலை. சோறு வடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதிலேயே போயிற்று.

சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம் எல்லாம் அளவோடு அத்தையின் பேச்சு நடையிலேயே வந்தன. "வறுத்து இடிச்சு, துணியில சலிச்சு, பனைவெல்லத்தை" என்று வந்ததும் ஒரே ஓட்டை. படிக்க முடியாமல் போன துண்டுகளில் ஒன்று சரியாக அங்கே விழுந்திருந்தது. அதற்குப் பிறகு, "ஆறினதும் பீங்கான் ஜாடியில எடுத்து வை, ஈரக்கை படக்கூடாது" என்று முடிந்துவிட்டது. மருந்தின் உயிரே பாகில்தானே!

அன்று மத்தியானம் அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்தேன். எதையும் எதிர்பார்த்துப் படிக்கவில்லை. அவர் சொன்னதை அவர் காதால் கேட்கட்டுமே என்றுதான். "துணியில சலிச்சு, பனைவெல்லத்தை" என்று நான் நிறுத்தியதும், மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே அத்தை ஆரம்பித்தார்.

"வெல்லத்த கரைச்சு வடிகட்டணும் புள்ள, மண்ணு இருக்கும். பொடி ஒரு பங்குன்னா வெல்லம் ரெண்டு பங்கு. பாகத் தண்ணியில விட்டா உருளணும். அப்பத்தான் பொடியக் கொட்டணும். நெய்யும் நல்லெண்ணெயும் மாத்தி மாத்தி விட்டுக் கிளறு. ஓரத்துல எண்ணெ கக்கும் பாரு, அப்ப இறக்கிடு."

மூச்சு விடாமல் எழுதிக்கொண்டேன். என் மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த அத்தை என் பக்கம் திரும்பி, "நீ யார் வூட்டுப் பொண்ணு?" என்றார்.

"உங்க வூட்டுப் பொண்ணுதான் அத்தை" என்றேன். "நல்லாயிரு" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பேத்தி பிறந்து இப்போது நாலு மாசம். மருந்துக் குறிப்பைப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் காட்டிக் கேட்டுத்தான் கொடுத்தோம். மகளுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்ததால், பிரசவத்துக்குப் பின் ரத்தப் பரிசோதனை பார்த்து, வெல்லத்தைக் குறைத்துக் கிளறி, சுண்டைக்காய் அளவுக்கு மேல் வேண்டாம் என்றார். குறிப்பு கையில் இருக்கிறதே என்று யாரும் டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிட வேண்டாம். ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி.

இரண்டாவது ஃபிளாப்பியில்தான் பத்தியக் குழம்பும் உரை மருந்தும் இருக்கின்றன. அதன் முதல் வட்டமே கெட்டுப் போயிருப்பதால் 486 அதை ஃபிளாப்பி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. காந்தப் புள்ளிகளை அப்படியே படித்துக் கொடுக்கும் கிரீஸ்வீசல் என்ற சிறிய போர்டை மகன் வாங்கி அனுப்பியிருக்கிறான். ஐப்பசி மழை முடிந்து காற்றில் ஈரம் குறையட்டும் என்று காத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு தெரு தள்ளியிருக்கிற ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர், அவருடைய அப்பா காலத்து மெருகுக் கலவைக் கணக்கு இருக்கிறதாம், ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள் பதினொன்றைப் பையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிச் சதுரங்கள் கிடந்தால், ஸ்பீக்கர், மிக்ஸி மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள். அடுக்களை ஆவியும் ஆகாது. டப்பாவில் போட்டு, துணியில் கட்டிய கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் சேர்த்து மூடி வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிள்ளையார் சுழி போட்டிருந்தால் அதையும்.