களிம்பு

நாங்கள் மூன்று பேர் ஒரே மாதத்தில் ஒரே மாடல் வெண்கல வாட்ச் வாங்கினோம். கல்லூரியில் ஒரே விடுதி அறை. இப்போது நான் நியூ ஜெர்சியில் எடிசன், ஒருவன் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், இன்னொருவன் ஹூஸ்டன். மூன்று வருடம் கழித்து ஒரு நீண்ட வார இறுதியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஃப்ரீமாண்ட்காரனுடையது சீரான கருப்பட்டி நிறம். வறண்ட காற்று, நாள் முழுக்க ஏசி. ஹூஸ்டன்காரன் சனிக்கிழமை தவறாமல் கால்வெஸ்டன் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போகிறவன். மேல் வளையத்தின் பற்களுக்கு நடுவே மயில்துத்தப் பச்சை ஏறியிருந்தது. என்னுடையது பாதி வருடம் கோட்டுக் கைக்குள் ஒளிந்திருந்து, மீதி வருடம் ஜெர்சி வெயிலில் வியர்த்து, திட்டுத் திட்டாகக் கருத்திருந்தது. சாவி கொடுக்க விரல் தொடும் குமிழ் மட்டும் புதுசு போல மின்னியது.

வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. வாட்ச் கூடுகளுக்குப் பரவலாக எடுத்துக்கொள்ளும் ஒரு கலவையில் நூற்றுக்கு 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். காற்றுப் பட்டதும் செம்பு பழுப்பாகிறது, பிறகு கருக்கிறது. வியர்வையின் உப்போ கடற்காற்றின் உப்போ சேர்ந்தால் பச்சை பூக்கிறது. வெள்ளீயத்துக்குப் பதில் அலுமினியம் சேர்த்த வெண்கலமும் உண்டு. கப்பலின் உந்துசக்கரம் செய்யும் உலோகம் அது. மெதுவாக நிறம் மாறும். எந்தக் கலவையானாலும் முதுகு மூடியைப் பொதுவாக எஃகிலோ டைட்டானியத்திலோ செய்துவிடுவார்கள். இல்லாவிட்டால் மணிக்கட்டில் பச்சை வட்டம் விழும்.

1980களிலேயே ஜெரால்ட் ஜெண்டா வெண்கலத்தில் வாட்ச் செய்தார். ஆனால் இந்தப் பைத்தியம் பரவியது 2011ல் பனெராய் 1000 வெண்கல வாட்சுகளை வெளியிட்ட பிறகுதான். 2016ல் டியூடரும் ஓரிஸும் சேர்ந்துகொண்டன. ஓரிஸ் தன்னுடையதற்கு, அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின மாஸ்டர் டைவரான கார்ல் பிரஷியர் பெயரை வைத்தது. தங்கம் மாறாது என்பதற்காக விலை. இதற்கோ மாறும் என்பதற்காக விலை.

ஸ்ட்ராப் விஷயத்தில் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஹூஸ்டன்காரன் நைலான்தான் கட்டுவான். 1973ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக விதி எழுதிச் செய்யப்பட்ட வார் அது. உப்புத் தண்ணீரில் நனைந்தாலும் அலசிக் காயவைத்துக் கட்டிக்கொள்ளலாம். ஃப்ரீமாண்ட்காரனுக்குக் கித்தான். எனக்குத் தோல். அதிலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல் இல்லை, மரப்பட்டையில் பதனிட்டது. திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று கப்பலேறி, இன்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அந்த வகைத் தோல் வெயிலும் கை எண்ணெயும் பட்டு, வெளிர் நிறத்திலிருந்து வெல்லப்பாகு நிறத்துக்குப் போகும். வெண்கலமும் அதுவும் சேர்ந்து முதிர்வது பார்க்க நன்றாக இருக்கும்.

இப்படி ஏறும் நிறத்தை எங்கள் வட்டத்தில் பாட்டினா என்போம். தமிழில் என்ன சொல்வது என்று நான் யோசித்ததே இல்லை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். “ஏம்ப்பா, காசு குடுத்து வாங்குன சாமான இப்படியா களிம்பேற விடுவாங்க?”

அன்று மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது வாட்ச் தங்கம் போல் ஜொலித்தது. ஸ்ட்ராப்பைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, புளியும் உப்பும் போட்டுத் துலக்கியிருந்தார். புளியிலுள்ள அமிலம் செம்பின் மேலிருக்கும் ஆக்சைடைக் கரைத்துவிடும். மூன்று வருடம் பத்து நிமிடத்தில் தொட்டியில் போய்விட்டது. இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் வாட்ச் என்பதால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. நண்பர்களுக்குப் படம் அனுப்பினேன். ஃப்ரீமாண்ட்காரன் துக்கம் விசாரித்தான். ஹூஸ்டன்காரன், “அம்மாவை இங்கேயும் ஒரு வாரம் அனுப்பிவை, எங்க வீட்டுக் குத்துவிளக்கெல்லாம் கிடக்கு” என்றான்.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவர் புழங்கிய உலோகம் சமையலறை உலோகம். களிம்பேறிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் வயிற்றுக்கு நஞ்சு. அதற்காகத்தான் ஈயம் பூசுகிறவர் தெருத் தெருவாக வருவார். நம் சைவ சித்தாந்தமும் உயிரோடு ஒட்டிப் பிறந்த ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பைத்தான் உவமை சொல்கிறது. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது, அதுபோல ஆணவமும். அருளால்தான் அதன் வலிமை அடங்கும் என்பார்கள். இவ்வளவு கனமான ஒரு சொல்லை ஆசையோடு மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோம் என்று அம்மாவிடம் எப்படி விளக்குவது?

ஆனால் களிம்பு சாட்சி சொன்ன கதையும் நம்மிடமே இருக்கிறது. 1976ல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அவர் பத்தூர்க் கோயிலைச் சேர்ந்தவர்தானா என்று அங்கே வழக்கு நடந்தபோது, திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட அலசப்பட்டன. 1991ல் அவர் தமிழ்நாடு திரும்பினார். யாராவது ஆசையாகப் புளி போட்டுத் துலக்கியிருந்தால் அந்தத் தடமெல்லாம் தொட்டியில் போயிருக்கும்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கோயிலில் தலைமுறை தலைமுறையாக அபிஷேகமும் தேய்ப்பும் கண்ட உற்சவர்களுக்கு முகம் மழுங்கியிருக்கும். மூக்கும் உதடும் கரைந்திருக்கும். மண்ணுக்குள் மறந்துபோன திருமேனிகளில் பலவற்றுக்கு விரல் நகம் வரை அப்படியே இருக்கும். மறந்ததெல்லாம் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. வெளிறிய பச்சையாய்ப் பொடி உதிரும் களிம்பு, உலோகத்தை உள்ளே தின்றுகொண்டே போகும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே அதற்கு மின்பகுப்பு முறையில் வைத்தியம் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஓட்டினால் ஜெர்சி சிட்டியின் லிபர்டி ஸ்டேட் பார்க். அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். தண்ணீருக்கு அப்பால் சுதந்திர தேவி. 1886ல் திறந்தபோது அவள் செம்பு நிறம். தோல் இரண்டரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 1906ல் பச்சை ஏறிவிட்டதென்று பெயின்ட் அடிக்கப் பேச்சு எழுந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து, இந்தப் பச்சைதான் உள்ளேயிருக்கும் செம்பைக் காக்கிறது என்றார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அவ்வளவு உசரத்துல யாரு ஏறித் துலக்குறது, விட்டுட்டாங்க” என்றார்.

களிம்பு வரக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அவித்த முட்டையை உடைத்து, வாட்சோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவைத்தால் முட்டையின் கந்தகம் ஒரே இரவில் பல வருட நிறத்தை ஏற்றிவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. போலிச் சிலை செய்கிறவர்கள் அமிலம் பூசிப் புதைத்து எடுப்பதும் இதே வித்தைதான். புளியில் துலக்கிய என் வாட்சைப் பார்த்துப் பலரும் முட்டை யோசனை சொன்னார்கள். நான் செய்யவில்லை. அது யாருடைய மூன்று வருடம்?

அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய இரவு, அப்பாவின் எச்எம்டி பற்றிப் பேச்சு வந்தது. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வாட்ச்; அப்பா முதல் சம்பளத்தில் வாங்கியது. மேல்பூச்சு உதிர்ந்து காதோரம் பித்தளை எட்டிப்பார்க்கும். தோல் வார் கறுத்து, அவர் வழக்கமாய்க் கொக்கி மாட்டும் மூன்றாவது துளை மட்டும் நீண்டிருக்கும். அப்பா போன பிறகு கடைக்காரரிடம் எண்ணெய் போடக் கொடுத்தபோது, பாலிஷ் போட்டுப் புது வார் மாட்டித் தருவதாக அவர் சொன்னாராம்.

“வேண்டாம்னுட்டேன்” என்றார் அம்மா. “வார் அப்பா கை வளைஞ்ச மாதிரியே வளைஞ்சிருக்கு. மாத்துனா நேராயிடும்.”

வீட்டிலுள்ள செம்பு, பித்தளை எதையும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துலக்காமல் விடாத கை அது. அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. எது துலக்கவேண்டிய களிம்பு, எது விட்டுவைக்கவேண்டியது என்ற கணக்கு அவரிடம் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. அவர் கணக்கில் என் வாட்சுக்கு அப்படி விட்டுவைக்கும் வயது வரவில்லை, அவ்வளவுதான்.

அவரை நூவர்க் விமான நிலையத்தில் வழியனுப்பியது மே மாதம். ஜூலைக்குள் வாட்ச் மறுபடி பழுப்பேறத் தொடங்கிவிட்டது.