சின்னப் பழுவேட்டரையரின் மகள்

அரியலூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் புழுதி கிளப்பிப் போகும் பிரதேசத்தில், கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் கீழையூரும் ஒன்றையொன்று அடுத்து அமைந்திருக்கின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்த உற்சாகத்தில் இவ்வூர்களைக் காண வருகிற அன்பர்கள், கீழையூர் இரட்டைக் கோயிலின் முன் நின்று, பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு விழுப்புண்களையும், இளைய ராணி நந்தினியின் மூடுபல்லக்கையும், பழுவூர்ப் பனைமரக் கொடியையும் பற்றி ஆர்வத்தோடு பேசிக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தஞ்சைக் கோட்டைத் தலைவரான சின்னப் பழுவேட்டரையர் காலாந்தக கண்டருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதை அவர்களில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளைச் சோழ இளவரசன் மதுராந்தகனுக்கு மணம் செய்து கொடுத்திருந்தார்கள் என்பது கதையில் வரும் செய்தி. அந்த மணத்தினால்தான் பழுவூர்க் குடும்பத்துக்கு மதுராந்தகனைச் சிங்காசனத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்ற ஆசை வலுக்கிறது. அந்த ஆசையினால்தான் சதி. அந்தச் சதியினால்தான் கதை. இருந்தும் அவள் வாய் திறந்து பேசுகிற இடம் ஒன்றையும் நான் கண்டதில்லை. அவளைச் சுற்றியுள்ள உறவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், கதாசிரியர் சொல்லாமலே எவ்வளவு பெரிய துயரத்தை அங்கே வைத்துப் போயிருக்கிறார் என்பது எனக்குப் புலனாயிற்று. நந்தினி அவளுடைய தந்தையின் தமையனுக்கு மனைவி. ஆகவே பெரியம்மா முறை. கதையின் பிற்பகுதியில் வெளியாகும் இரகசியத்தின்படி, மதுராந்தகனும் நந்தினியும் ஊமை ராணி மந்தாகினி பெற்ற இரட்டைக் குழந்தைகள். ஆகவே அதே நந்தினி அவளுக்கு நாத்தனாரும் ஆகிறாள். மாமியாரான செம்பியன் மாதேவிக்கு, தன் மருமகளின் கணவன் தன் வயிற்றில் பிறந்தவன் அல்லன் என்பது தெரியும். முதன்மந்திரி அநிருத்தருக்கும் தெரியும். தந்தையோ நந்தினியை நம்பாதவர். தமையனாரை எச்சரித்துக்கொண்டே இருந்தவர். சோழ சாம்ராஜ்யத்தின் இரகசியங்கள் அத்தனையும் வந்து கூடுகிற ஒரு வீட்டில், ஒன்றும் சொல்லப்படாதவளாக ஒரு பெண் விளக்கேற்றி, உணவு பரிமாறி, கணவன் வருகைக்குக் காத்திருந்தாள் என்றால், அவளை எழுதாமல் விட்டுவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை.

நான் செய்கிற வேலை இதுதான்: பிறர் சிருஷ்டித்த பெருங்கதைகளில் ஓரத்தில் நிற்கும் பெண்களை எடுத்துக்கொண்டு, மூலக்கதைக்கு ஊறு நேராமல், அவர்கள் பக்கத்துக் கதையை எழுதுவது. இளைஞர்கள் இதை ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். நான் கிளைக்கதை என்று சொல்லிப் பழகியவன். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்தபோதே, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்ற கேள்விகள் எழுந்தன. கல்கியே ஒரு முடிவுரை எழுதி வாசகர்களுக்குச் சமாதானம் சொல்ல நேர்ந்தது. பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் குந்தவையைத் தொடர்ந்து சென்றார். நம் காலத்தில் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையான பின்பு, இந்தத் துறையில் இறங்குகிறவர்களுக்கு அனுமதி பற்றிய தயக்கமும் நீங்கிற்று. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் திரைப்படம் இரண்டு பாகங்களாக வெளிவந்த பிறகு, கைபேசியிலேயே அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிற பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வம் எனக்குப் பெரு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்களிற் பலரும் குந்தவை, நந்தினி, பூங்குழலி என்று ஏற்கெனவே வெளிச்சத்தில் நிற்பவர்களையே நாடுகிறார்கள். பழையாறை அரண்மனையில் வானதி விளக்குத் தட்டைக் கீழே போட்டு மயங்கி விழுந்தபோது கூட இருந்த தோழியர் தாரகையும் வாரிணியும் அன்றிரவு தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

எனக்கு இந்த எண்ணம் புத்தகப் படிப்பினால் மட்டும் வந்ததன்று. எங்கள் அப்பாயிக்கு, அதாவது தந்தையைப் பெற்ற பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. வார இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, பெரிய அட்டை போட்டு பைண்டு செய்திருந்த தொடரை, அந்தி சாய்ந்து ஆடு மாடு கட்டியான பின் நான் வாசிக்க, அவர் திண்ணையில் சாய்ந்து கேட்பார். கதாநாயகன் வந்தியத்தேவனுடைய சாகசங்களில் அவருக்கு விசேஷ அக்கறை இருந்ததில்லை. மதுராந்தகன் அரண்மனையை விட்டே போய்விடுகிற கட்டம் வந்தபோது என்னை நிறுத்தி, "ஏய்யா, அவம் பொண்டாட்டி என்னாய்யா ஆனா? அப்பங்காரன் வூட்டுக்குத் திரும்பிட்டாளா?" என்று கேட்டார். "அதெல்லாம் எழுதலை அப்பாயி" என்றேன். "எழுதாட்டி என்ன, அவ இருந்திருப்பாளில்ல?" என்றார். நான் கற்ற இலக்கிய விமரிசன நூல்கள் எவற்றிலும் இதனினும் கூர்மையான கேள்வியைக் கண்டதில்லை.

இத்தகைய கேள்வி நம் தேசத்தில் புதிதும் அன்று. ரவீந்திரநாத தாகூர், காவியங்களில் புறக்கணிக்கப்பட்ட பெண்களைப் பற்றி வங்காளியில் ஓர் அருமையான கட்டுரை எழுதினார். இலக்குவன் மனைவி ஊர்மிளையையும், சகுந்தலையின் தோழியரான அனசூயை, பிரியம்வதை ஆகியோரையும், 'காதம்பரி'யில் வரும் பத்திரலேகையையும் அதிலே நினைவு கூர்ந்தார். அந்தத் தூண்டுதலின் வழியிலே மைதிலி சரண் குப்தரின் 'சாகேதம்' 1931-இல் இந்தியில் பிறந்தது; ஊர்மிளை அதிலே தனக்குரிய ஸ்தானத்தைப் பெற்றாள். தமிழில் புதுமைப்பித்தன் 1943-இல் 'சாப விமோசனம்' எழுதி, மூலக்கதை முடிந்த இடத்துக்கு அப்பால் அகலிகையைக் கொண்டுபோனார். சிலப்பதிகாரத்து மாதரியை எவராவது முழுமையாக எழுதினால் நன்று. அடைக்கலமாக வந்தவளைக் காக்க முடியவில்லையே என்று தீப்புகுந்த அந்த இடைக்குல மூதாட்டி இன்னும் காத்திருக்கிறாள்.

இனி வேலையின் தன்மையைச் சொல்லுகிறேன். துணைப் பாத்திரத்தைத் தலைவியாக உயர்த்திவிட வேண்டும் என்பதுதான் இத்துறையில் இறங்குகிறவனுக்கு முதலில் தோன்றுகிற ஆசை. சின்னப் பழுவேட்டரையரின் மகளுக்கு வாட்போர் தெரியும் என்று எழுதலாம். சுரங்க வழியில் அவள் ஒற்று வேலை செய்தாள் என்று எழுதலாம். வந்தியத்தேவனே அவளிடம் ஆலோசனை கேட்டான் என்றும் எழுதலாம். அப்படி எழுதினால் நமக்குக் கிடைப்பது இன்னொரு குந்தவை. அந்தப் பெண் மறுபடியும் மறைந்துபோவாள். அவள் நின்ற இடத்திலேயே அவளை நிறுத்தி, அவளுக்குத் தெரியக்கூடியதை மட்டுமே தெரியவைத்து, அந்த இடத்திலிருந்து கதை முழுவதும் எப்படித் தோன்றுகிறது என்று காட்டுவதே கடினமான காரியம். அதற்கு மூலத்தை வரிவரியாகப் படித்து, எந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்று காட்டும் ஒரு பஞ்சாங்கம் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

என் கதை முழுவதும் அந்தப் பஞ்சாங்கத்திலிருந்தே முளைத்தது. 'பொன்னியின் செல்வன்' ஆடிப் பதினெட்டாம் நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அன்று இரவே கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடிச் சதியாலோசனை செய்கிறார்கள். பழுவேட்டரையரின் மூடுபல்லக்கிலிருந்து, இளைய ராணிக்குப் பதிலாக மதுராந்தகன் இறங்குகிறான். இதை எல்லாரும் வந்தியத்தேவனுடைய கண்களால், மதில் மேலிருந்து பார்த்திருக்கிறோம். ஆனால் ஆடிப் பதினெட்டு சோழ நாட்டுச் சுமங்கலிகளுக்கு எத்தகைய நாள் என்பதை நினைத்துப் பாருங்கள். காதோலை கருகமணி வைத்துக் காவிரியை வணங்கி, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளுகிற நாள். அன்றைக்குத் தஞ்சையில், கோட்டைத் தலைவரின் மகள், கணவன் எங்கே என்று சுற்றத்துப் பெண்கள் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்? அவன் அவளுடைய பெரியம்மாவின் பல்லக்கில், திரை மூடி, இரவு வழியே போய்க்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியாது. என் கதையில் அவள் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், பக்கத்தில் நின்ற சிறுமியின் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிடுகிறாள். மூலத்தில் ஒரு நிகழ்ச்சியையும் நான் மாற்றவில்லை. அதே இரவின் மறுபக்கத்தைத்தான் எழுதினேன்.

பெண்களின் குணத்தை உருவாக்கக் கல்வெட்டுக்களைப் போல உதவியவை எனக்கு வேறில்லை. பழுவேட்டரையர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர், பழுவூர்க் கோயில்களின் சுவர்களில் அவர்களுடைய பெயர்களும் கொடைகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன, டாக்டர் இரா. கலைக்கோவன் போன்ற ஆய்வாளர்கள் அவற்றை அரும்பாடுபட்டு ஆராய்ந்து தந்திருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுக்களில் ஒரு பெண் பெரும்பாலும் இன்னார் மகளார், இன்னார் தேவியார் என்றே அறிமுகமாகிறாள். அடுத்தபடி, அவள் கொடுத்தது என்ன என்பது வருகிறது. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள், அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் அவர்கள் அளக்க வேண்டிய உழக்கு நெய் என்று கணக்கு விரிகிறது. அவள் அழகியா, கோபக்காரியா என்பதைக் கல் சொல்வதில்லை. அவள் எதை அணையாமல் காக்க விரும்பினாள் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டிக்க எனக்கு அது போதும். தஞ்சைப் பெரிய கோயிலில் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று இராஜராஜன் எழுதி வைத்தான். நாவலாசிரியர்கள் தங்கள் தோழிப் பெண்களுக்குக் காட்டாத மரியாதையை அந்தக் கல் காட்டியிருக்கிறது.

பழுவூர் மண்ணிலேயே அவ்வாறு கல் காப்பாற்றித் தந்த ஒரு பெண் உண்டு. அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனார் மகளார் நக்கன் தில்லையழகியார். இராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவியார் அவரே. அவனிகந்தர்ப்பபுரம் என்பது பழுவூரைச் சேர்ந்த பகுதியே. அவர் மறைந்த பின்னர், அவர் வயிற்றில் பிறவாத இராஜேந்திரன் பழையாறைப் பக்கத்தில் அவருக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். கங்கை கொண்ட சோழபுரத்தை நம் அரியலூர்ச் சீமையில் நிறுவிய அந்தப் பேரரசனுக்குச் சிற்றன்னை மீது எவ்வளவு வாஞ்சை இருந்திருக்க வேண்டும்! கல்கியின் கதை உத்தம சோழன் பட்டத்துடன் நின்றுவிடுவதால் பஞ்சவன் மாதேவிக்கு அதில் இடமில்லை. பாலகுமாரன் 'உடையா'ரில் அவரைப் பெரிய பாத்திரமாக்கினார். நான் எழுதியதில் அவர் ஒரு சிறுமி. ஆடிப் பதினெட்டில் மஞ்சள் கயிறு கட்டப்பெற்ற சிறுமி அவர்தான். பெயரை நான் சொல்லவில்லை. பழுவூர்க்காரர்கள் கண்டுகொண்டார்கள்.

இந்த அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எனக்கு ஆசிரியர்கள் வேறு விதமாகவும் வாய்த்திருக்கிறார்கள். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். மதுரையை எரித்துச் சினம் ஆறாமல் வந்த கண்ணகியே அவள் என்பது இவ்வட்டாரத்து நம்பிக்கை. அவள் வரும்முன் அங்கே இருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவனால் துன்புற்றிருந்த செல்லியம்மன், ஓரிரவு தங்க இடம் கேட்டு வந்தவளால் அவன் அழிந்தபின், தன் இடத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். கதை மதுரகாளியுடையதாகிவிட்டது. எனினும் பூசையின்போது மலையை நோக்கிச் செல்லியம்மனுக்கே முதலில் தீபம் காட்டும் வழக்கத்தை இந்த மக்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். எழுதத் தெரியாத முன்னோர்கள் ஒரு துணைப் பாத்திரத்துக்குச் செய்த நியாயம் அது. தலைவியின் பெருமையில் ஓர் அணுவும் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மூலத்தைச் சிறுமைப்படுத்தினால்தான் ஓரத்துப் பெண்ணைப் பேசவைக்க முடியும் என்று எண்ணுகிற இளம் எழுத்தாளர்களை நான் சிறுவாச்சூருக்கு அழைத்துப் போவதுண்டு. கோயில் பெரும்பாலும் திங்களும் வெள்ளியுமே திறந்திருக்கும் என்பதால் நாள் பார்த்துத்தான் போக வேண்டும்.

தற்சமயம் என் கையில் இருப்பவள் ராக்கம்மாள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்து வீட்டின் மருமகள், படகோட்டி முருகய்யனின் மனைவி, பூங்குழலிக்கு அண்ணி. பொன்னாசை பிடித்தவள், சதிகாரர்களோடு தொடர்பு வைத்தவள் என்று கல்கி தெளிவாகக் காட்டியிருக்கிறார். வாசகர்கள் யாரும் அவளுக்காக இரங்குவதில்லை. துன்பப்பட்ட நல்லவளை எழுதுவதைக் காட்டிலும் இது பன்மடங்கு கடினம். வறுமையை அவளுக்குச் சமாதானமாகக் காட்டிக் குற்றத்தைக் கழுவிவிட்டால் கல்கிக்குத் துரோகம்; வெறும் பேராசைக்காரி என்று விட்டுவிட்டால் அப்பாயியின் கேள்விக்குத் துரோகம். ஆகவே அவளைப் பொன்னாசை உள்ளவளாகவே வைத்துக்கொண்டு, கணவன் கடல்மேல் போய்விட்ட நாட்களில், நாத்தனார் தன் மனம்போல் படகு செலுத்தித் திரிந்த நாட்களில், அந்த வீட்டில் அவளுக்கு விழுந்த வேலைகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன்: உப்புக் காற்றில் நமுத்துப்போகும் அரிசியை உலர்த்துவது, மாமனாருக்குக் கஞ்சி காய்ச்சுவது, கோபுர உச்சியில் எரிவதற்கான விறகைச் சதுப்பு நிலத்தின் வழியே சுமந்து வருவது. முதல் பொற்காசை அவள் எங்கே ஒளித்துவைத்தாள் என்பது இன்னும் பிடிபடவில்லை. விறகுக் கட்டுக்குள் என்று ஒரு வரைவில் எழுதியிருக்கிறேன். அரிசிப் பானைதான் பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அந்த வீட்டில் வேறு யாரும் அதற்குள் கை விடப் போவதில்லை.