ரசம் வைக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை. ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே ஐந்து வயது மகள் சொப்புகளைப் பரப்பி மணலில் சோறாக்கிக்கொண்டிருந்தாள். அகநானூற்றின் 110ஆம் பாட்டில் இந்த விளையாட்டுக்குச் சிறுசோறு என்று பெயர். மணல் மணல்தான் என்பது அவளுக்குத் தெரியும், வாயில் வைப்பதில்லை. ஆனால் நான் ஊதாமல் 'சாப்பிட்டால்' சுடும் என்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

"ரசம் எப்படி வைப்பே?" என்று கேட்டேன்.

"புளி கரைக்கணும். தக்காளி பிசையணும். உப்புப் போடணும். அப்புறம் அம்மா கொஞ்சம் அழணும். நுரைச்சு வந்ததும் இறக்கிடணும்."

சேர்ந்து நிகழ்பவற்றைக் காரண காரியமாக இணைத்துவிடுவது இந்த வயதின் இயல்பு என்று பியாஜே சொல்லியிருக்கிறார். அந்த விளக்கம் எனக்கு வசதியாக இருந்தது. வெங்காயம் நறுக்குவதோடு குழப்பிக்கொண்டாள் என்றும் நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு ரசத்தில் வெங்காயம் கிடையாது.

எட்டு வருஷமாக அந்த ரசத்தைச் சாப்பிடுகிறேன். உப்புக் கூடுதல், புளி போதவில்லை என்றெல்லாம் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறேன்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன்.